கதவுப் பக்கம் விழும் அடி: உயர்ரகக் காரின் பாதுகாப்பும் கண்ணுக்குத் தெரியாத உள்காயமும்

மதுரையிலிருந்து வடக்கே திண்டுக்கல்லுக்கும் தெற்கே விருதுநகருக்கும் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலும், மேலூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் 38-ஆம் எண் நெடுஞ்சாலையிலும் கார்கள் இன்று மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை எளிதாக எட்டுகின்றன. வயலிலிருந்து திரும்பும் டிராக்டரும், கிராமத்துச் சாலையிலிருந்து ஏறி வரும் இருசக்கர வாகனமும், கல்லும் மண்ணும் ஏற்றிய டிப்பர் லாரியும் இதே சாலைகளைக் குறுக்காகக் கடக்கின்றன. நடுத்தடுப்பின் இடைவெளியில் காரைத் திருப்பும்போதும், சந்திப்பைக் கடக்கும்போதும், மற்றொரு வாகனம் நேராக வந்து காரின் கதவில் மோதுவதைப் பக்கவாட்டு மோதல் என்கிறோம்.

இத்தகைய விபத்துக்குப் பின் மருத்துவமனைக்கு வரும் குடும்பத்தினர் பல நேரங்களில் ஆறுதலோடு ஒன்றைச் சொல்வார்கள்: "நல்ல கார் டாக்டர், ஏர்பேக் எல்லாம் விரிந்துவிட்டது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?" இந்தச் சொற்களில் பாதி உண்மை உண்டு. நல்ல கார் உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் வெளியே கீறல்கூட இல்லாத ஒருவரின் வயிற்றுக்குள்ளும் மார்புக்குள்ளும் இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். காரின் பாதுகாப்பு எந்த எல்லை வரை வரும், அதன்பின் குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை எவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னே ஒரு மீட்டர், பக்கத்தில் ஒரு சாண்

நேருக்கு நேர் மோதும்போது காரின் முன்பகுதி நசுங்குகிறது. அப்பகுதி நசுங்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. பம்பரிலிருந்து ஓட்டுநரின் முழங்கால் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்திற்கு உலோகம் மடிந்து, மோதலின் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. அந்தச் சிறு அவகாசத்தில் சீட் பெல்ட் உடலைப் பிடித்து நிறுத்துகிறது, ஏர்பேக் விரிகிறது.

பக்கவாட்டில் அத்தகைய இடம் இல்லை. பயணியின் தோளுக்கும் வெளியிலிருந்து வரும் வாகனத்துக்கும் நடுவே இருப்பது ஒரு கதவும் சிறிது காற்று வெளியும் மட்டுமே. மொத்தத்தில் ஒரு சாண் அளவு. இரண்டு கோடி ரூபாய்க் காருக்கும் பத்து லட்ச ரூபாய்க் காருக்கும் இந்த அளவில் பெரிய வேறுபாடு இல்லை. கதவு உள்நோக்கித் தள்ளப்பட்டு உடலைத் தொடுவதற்கு ஆகும் நேரம் கண் இமைப்பதைவிடக் குறைவு. முன்பக்க மோதலில் உடல் முன்னோக்கிப் பாய்கிறது. பக்கவாட்டு மோதலிலோ காரின் சுவரே உடலை நோக்கிப் பாய்ந்து வருகிறது. அமெரிக்காவில் கார்ப் பயணிகளின் விபத்து மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பக்கவாட்டு மோதலால் நிகழ்வதற்கு இந்த இடக்குறைவு ஒரு முக்கியக் காரணம்.

நல்ல கார் என்ன செய்கிறது?

இடம் இல்லாத குறையை ஈடுசெய்யப் பொறியாளர்கள் மூன்று வழிகளைக் கையாளுகின்றனர்.

முதலாவது, அடியைப் பரப்புவது. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையே நிற்கும் தூண், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அடிச்சட்டம், தரையின் குறுக்கே செல்லும் சட்டங்கள் ஆகியவற்றை மிக உறுதியான எஃகினால் அமைத்து, கதவில் விழும் அடியைக் காரின் முழு உடலுக்கும் பகிர்ந்தளிக்கின்றனர். இந்த எண்ணத்தை ஒரு முழு அமைப்பாகவே வடிவமைத்து, சுவீடனின் வால்வோ நிறுவனம் 1991-இல் தன் 850 காரில் அறிமுகப்படுத்தியது.

இரண்டாவது, உடலுக்கும் கதவுக்கும் நடுவே மெத்தை இடுவது. இருக்கையின் பக்கத்திலிருந்து விரியும் ஏர்பேக்கை அதே நிறுவனம் 1994-இல் கொண்டுவந்தது. இது மார்பையும் இடுப்பையும் காக்கும். கூரையின் ஓரத்திலிருந்து திரைபோல் இறங்கித் தலையைக் காக்கும் கர்ட்டன் ஏர்பேக் 1998-இல் எஸ்80 என்ற உயர்ரக செடானில் வந்தது. இவை ஒரு வினாடியின் நூறில் ஓரிரு பங்கு நேரத்துக்குள் விரிந்தாக வேண்டும்.

மூன்றாவது, அடி விழும் இடத்தையே மாற்றுவது. 2017-இல் வந்த ஆடி ஏ8, 2020-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் ஆகிய செடான்களில், அதற்கான விசேஷ சஸ்பென்ஷன் பொருத்தப்பட்டிருந்தால், பக்கத்திலிருந்து வாகனம் மோதப்போவதை உணரிகள் கண்டறிந்ததும் காரின் அந்தப் பக்கம் நொடிப்பொழுதில் எட்டு சென்டிமீட்டர் வரை உயர்கிறது. மோதவரும் வாகனத்தின் பம்பர் மென்மையான கதவின் நடுவில் இடிக்காமல், உறுதியான அடிச்சட்டத்தில் இடிக்கட்டும் என்பதே இதன் நோக்கம். கதவின் நடுப்பகுதி எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இந்த ஏற்பாடே சான்று.

சோதனைக்கூடமும் நம் சாலையும்

இந்தியாவில் பக்கவாட்டு மோதல் சோதனை 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு மேலான நட்சத்திர மதிப்பீட்டைத் தரும் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இம்மதிப்பீட்டில் 950 கிலோ எடையுள்ள தள்ளுவண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காரின் பக்கத்தில் மோதவிடப்படுகிறது. மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற வேண்டிய கார், மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டாகக் கம்பத்தில் மோதும் சோதனையையும் கடக்க வேண்டும்.

இந்தச் சோதனைகள் மிகவும் பயனுள்ளவை. இவற்றால் கார்கள் மேம்பட்டுள்ளன. ஆயினும் எண்களைக் கவனியுங்கள். 950 கிலோ என்பது ஒரு சிறிய காரின் எடை. சுமை ஏற்றிய டிப்பர் லாரியின் எடை இருபது டன்னைத் தாண்டும். அதன் பம்பர் காரின் அடிச்சட்டத்துக்கு மேலே, பயணியின் மார்பு உயரத்தில் வந்து இடிக்கும். சாலையிலிருந்து வழுக்கிச் சென்று ஓரத்துப் புளியமரத்தில் பக்கவாட்டாக மோதும் காரின் வேகம் 29 கிலோமீட்டராகத்தான் இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆகவே ஐந்து நட்சத்திரம் என்பதை, குறிப்பிட்ட எடைக்கும் குறிப்பிட்ட வேகத்துக்கும் கிடைத்த நற்சான்றாகக் கொள்வதே சரி. மோதலுக்குப் பின் உடலுக்குள் காயம் இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

தலைநகரில் நிகழ்ந்த ஒரு விபத்து

2014 ஜூன் 3 அன்று அதிகாலை, மத்திய ஊரக வளர்ச்சித் துறை அமைச்சராகப் பதவியேற்று எட்டு நாட்களே ஆகியிருந்த கோபிநாத் முண்டே, புதுதில்லியில் செடான் கார் ஒன்றில் விமான நிலையத்துக்குச் சென்றுகொண்டிருந்தார். ஒரு சந்திப்பில் மற்றொரு கார் அவரது காரின் பக்கத்தில் மோதியது. பின் இருக்கையில் இருந்த அவர் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை. ஓட்டுநரும் உதவியாளரும் பிழைத்தனர். அமைச்சரின் உடலின் வெளியே பெரிய காயம் ஏதும் தென்படவில்லை. எய்ம்ஸ் மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவரைக் காப்பாற்ற இயலவில்லை. கல்லீரல் கிழிந்து உள்ளே இரத்தம் பெருகியிருந்ததும், கழுத்தெலும்பில் ஏற்பட்டிருந்த காயமும் பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தன.

நகரச் சாலை, மோதியது ஒரு சிறிய கார், வெளிக்காயம் இல்லை. இம்மூன்றும் சேர்ந்திருந்தும் உயிர் பிரிந்தது. பக்கவாட்டு மோதலை மருத்துவர்கள் ஏன் தனிக் கவனத்தோடு அணுகுகிறோம் என்பதை இந்நிகழ்வு தெளிவாக உணர்த்துகிறது.

உடலில் எங்கே அடி விழும்?

பக்கவாட்டு மோதலில் காயம் பெரும்பாலும் கதவின் உயரத்தை ஒட்டியே அமைகிறது: தலை, தோள்பட்டை, விலா, வயிற்றின் பக்கம், இடுப்பு.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். வலக்கதவில் அடி விழுந்தால் அவரது வலப்பக்க விலா எலும்புகளும், அவற்றின் அடியிலுள்ள கல்லீரலும் முதலில் பாதிக்கப்படலாம். இடப்பக்கம் அமர்ந்தவருக்கு இடக்கதவில் அடி விழுந்தால் மண்ணீரலே முதலில் ஆபத்துக்கு உள்ளாகும். இவ்விரண்டும் இரத்தம் நிறைந்த மென்மையான உறுப்புகள். விலா எலும்பு முறியாமலேயே இவை கிழியக்கூடும்.

மார்பில் விலா எலும்பு முறிந்தால் அதன் முனை நுரையீரலைக் குத்தி, நுரையீரலைச் சுற்றிக் காற்றோ இரத்தமோ தேங்கலாம். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவர் கிழிவது அரிதானது; ஆனால் மிகக் கொடியது. கீழே, இடுப்பு வளையம் பக்கவாட்டில் அழுத்தப்பட்டு முறியலாம். இடுப்பு எலும்பு முறிவில் இரத்தம் உள்ளேயே பெருமளவில் தேங்கும். தலை கண்ணாடியிலோ தூணிலோ மோதினால் மூளையைச் சுற்றி இரத்தம் கட்டலாம். முதுமையில் அது மெதுவாகச் சேர்ந்து, நாள்கள் கழித்தும் வெளிப்படலாம்.

எதிர்ப்பக்கம் இருந்தவர் தப்பிவிட்டார் என்றும் எண்ணக்கூடாது. அடி விழுந்த பக்கத்தை நோக்கி அவர் உடல் சாயும்போது தோள்பட்டையிலிருந்து சீட் பெல்ட் நழுவும்; அவரது தலை பக்கத்து இருக்கையிலோ அதில் இருப்பவரின் தலையிலோ மோதலாம். இதைத் தடுக்கவே அண்மைக்கால உயர்ரகக் கார்களில் முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவிலும் ஓர் ஏர்பேக் வைக்கப்படுகிறது.

"பிரஷர் நன்றாகத்தானே இருக்கிறது?"

வார்டுக்கு வெளியே அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் உள்ளது. இரத்தக் கசிவு தொடங்கியதும் உடல் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக இயக்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒன்றரை லிட்டர் அளவுக்கு, அதாவது பத்தில் மூன்று பங்கு இரத்தம் இழந்த பின்னரே பலருக்கு அழுத்தம் இறங்கத் தொடங்குகிறது. அதற்கு முன் தெரியும் அடையாளங்கள் சிறியவை: வேகமான நாடித்துடிப்பு, குளிர்ந்த கைகால்கள், வியர்வை, தாகம், காரணமில்லாத பதற்றம். இளைஞர்கள் நெடுநேரம் நலமாக இருப்பதுபோல் தோன்றித் திடீரெனச் சரிவார்கள்.

எனவேதான் முதலில் அல்ட்ராசவுண்ட் கருவியால் வயிற்றையும் மார்பையும் சில நிமிடங்களில் பார்க்கிறோம். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுக்கிறோம். அது சரியாக இருந்தாலும் சிலரை ஒரு நாள் மருத்துவமனையில் இருக்கச் சொல்லி, மீண்டும் மீண்டும் வயிற்றைத் தொட்டுப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்கிறோம். மண்ணீரலிலோ கல்லீரலிலோ சிறு கிழிசல் இருந்தாலும் பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஓய்வும் நெருக்கமான கண்காணிப்புமே போதும். அந்தக் கண்காணிப்பே அவர்களுக்கான சிகிச்சை என்பதைக் குடும்பத்தினர் புரிந்துகொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியவை

விபத்து நடந்த இடத்தை மருத்துவர் பார்த்ததில்லை. நீங்களோ உடன் வந்தவர்களோ பார்த்திருக்கிறீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் கீழ்க்கண்ட விவரங்களைச் சொன்னால் பரிசோதனையின் திசையே தெளிவாகிவிடும்.

1. காரின் எந்தப் பக்கத்தில், எந்த வாகனம் மோதியது? ஏறத்தாழ எத்தனை மணிக்கு?

2. காயமடைந்தவர் எந்த இருக்கையில் இருந்தார்? சீட் பெல்ட் அணிந்திருந்தாரா? பக்கவாட்டு ஏர்பேக் விரிந்ததா?

3. கதவு எவ்வளவு தூரம் உள்ளே வந்திருந்தது? அவர் அமர்ந்த இடத்தில் ஓர் அடிக்கு மேல் உள்ளே வந்திருந்தால், அவர் எழுந்து நடந்தாலும் கடும் காயம் இருக்கலாம் என்றே கருதுகிறோம். தாமதம் ஏற்படாது என்றால், கைப்பேசியில் காரை ஒரு படம் எடுத்து வருவது பெரிதும் உதவும்.

4. அதே காரில் இருந்தவர்களில் எவரேனும் இறந்தனரா, தூக்கி எறியப்பட்டனரா? அவரை வெளியே எடுக்க நெடுநேரம் ஆனதா?

5. அவர் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரைகளை உட்கொள்பவரா? சர்க்கரை நோய், இதய நோய் உண்டா? பெண்ணாயின் கருவுற்றிருக்கிறாரா? கருவுற்றவர்கள் தாம் நலமாக உணர்ந்தாலும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணிக்கச் சில மணி நேரம் மருத்துவமனையில் இருப்பது அவசியம்.

விபத்து நடந்த இடத்தில்

108-ஐ அழையுங்கள். தீயோ வேறு உடனடி ஆபத்தோ இல்லையெனில், காயமடைந்தவரைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். நசுங்கிய கதவோடு போராடாமல், எதிர்ப்பக்கக் கதவு வழியாக உள்ளே சென்று, அவரது தலையும் கழுத்தும் அசையாமல் இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு பேச்சுக்கொடுங்கள். இடுப்பில் வலி என்றால் நிற்கவோ நடக்கவோ வைக்க வேண்டாம். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

உதவி செய்பவர் மீது வழக்கு வருமோ என்ற அச்சமும் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குப் பாதுகாப்பு அளித்துள்ளது. பணம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரத்துக்கான அவசர சிகிச்சை, அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

வீடு திரும்பிய பின்

பரிசோதனைகள் முடிந்து வீடு திரும்பியவர்களையும் முதல் சில நாட்கள் தனியே விட வேண்டாம். பின்வருவனவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும், நள்ளிரவாயினும் உடனே அழைத்து வாருங்கள்: கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி அல்லது வயிறு உப்புதல், அடிபடாத தோளின் நுனியில் வலி, மயக்கம் அல்லது தலைசுற்றல், மூச்சுத்திணறல், சிறுநீரில் இரத்தம், தொடர் வாந்தி, கடும் தலைவலி, குழப்பமான பேச்சு, வழக்கத்துக்கு மாறான தூக்கம்.

இவற்றுள் தோள்வலியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மண்ணீரலிலிருந்து கசியும் இரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது, அந்த வலி இடத்தோளில் உணரப்படும். அதைச் சுளுக்கு என்று கருதி எண்ணெய் தேய்த்து நீவுவது ஆபத்து. விலா எலும்பு முறிந்தவருக்கு மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதும் கூடாது. மூச்சு ஆழமாக இறங்காமல் சளி தேங்கி நிமோனியா வரும்; முதியோரை அதுவே வீழ்த்திவிடும். வலி மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்து, மூச்சுப் பயிற்சி செய்ய வைப்பதே சரியான முறை. மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் மருத்துவர் குறித்துத் தரும் தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

காரில் ஏறும் முன்

கார் வாங்கும்போது நட்சத்திர எண்ணிக்கையோடு நிறுத்தாமல், நீங்கள் வாங்கும் அதே வகையில் பக்கவாட்டு ஏர்பேக்கும் கர்ட்டன் ஏர்பேக்கும் உள்ளனவா என்று கேளுங்கள். ஆறு ஏர்பேக்குகளைக் கட்டாயமாக்கும் வரைவு 2022-இல் வெளியானபோதிலும், அது கட்டாயமாக்கப்படாது என்று 2023-இல் அரசு தெரிவித்தது. ஆகவே இது வாங்குபவர் விழிப்போடு கேட்க வேண்டிய ஒன்று.

இருக்கைக்குள் ஏர்பேக் உள்ள காருக்கு, அதற்கென வடிவமைக்கப்படாத சீட் கவரைத் தைத்துப் போடாதீர்கள். ஏர்பேக் விரியும் வழி அடைபட்டுவிடும். சன்னலோரம் தலையணை வைத்துச் சாய்ந்து உறங்குவதையும், குழந்தை கதவில் சாய்ந்து தூங்குவதையும் தவிருங்கள். குழந்தையை மடியில் வைத்துப் பயணம் செய்ய வேண்டாம். வயதுக்கேற்ற குழந்தை இருக்கையில் அமர்த்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பின் இருக்கையிலும் சீட் பெல்ட் அணியுங்கள். உயர்ரகக் காரின் உரிமையாளர் பெரும்பாலும் பின்னால் அமர்கிறார். அங்கேதான் பெல்ட் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. பெல்ட் அணியாதவர் மோதலின்போது தாம் காயமடைவதோடு, அருகில் இருப்பவர் மீதும் வீசி எறியப்படுகிறார். பக்கவாட்டு ஏர்பேக்கும், பெல்ட் உடலை அதன் இடத்தில் வைத்திருக்கும் என்று கருதியே வடிவமைக்கப்பட்டுள்ளது.

நல்ல கார் நமக்கு அவகாசம் வாங்கித் தருகிறது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்த வேண்டியவர்கள் நாம். கதவு உள்ளே வந்த விபத்து எதுவாயினும், காரின் பெயரும் விலையும் எதுவாயினும், உடலில் கீறல் இல்லாவிடினும், அன்றே மருத்துவமனைக்கு வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்புவது எங்களுக்கு மகிழ்ச்சியான வேலை. அந்தச் சொல்லைப் பரிசோதனைக்குப் பின் எங்களிடமிருந்து கேட்டுச் செல்லுங்கள்.